பச்சைப் பலகை: வாசகர் கேள்விகள், ஒரு தரப் பரிசோதகரின் பதில்கள்

(பதில் சொல்பவர் அம்பத்தூரில் பிசிபி (பிரிண்டட் சர்க்யூட் போர்டு, மின்கருவிகளுக்குள் பாகங்களைத் தாங்கும் பலகை) தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவர். முதலில் துளையிடும் பிரிவு, பிறகு தரப் பரிசோதனைக் கூடம். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை அவர் வேண்டுகோளின்படி தவிர்த்திருக்கிறோம்.)

நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டில் உள்ள போர்டு மூன்று வருடங்களில் இரண்டு முறை போய்விட்டது. மெக்கானிக் "வோல்டேஜ் பிரச்சினை" என்கிறார். ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறோமே, அம்மா? (இல்லத்தரசி)

காரணம் தெரியாத காய்ச்சலுக்கெல்லாம் டாக்டர் "வைரல்" என்பதுபோல, காரணம் தெரியாத போர்டுக்கெல்லாம் மெக்கானிக் "வோல்டேஜ்" என்பார். வோல்டேஜ் ஒருபோதும் காரணம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பை.

கழற்றிய பழைய போர்டை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாகங்களின் கால்கள் ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? பச்சை என்றால், பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்புதான் அது.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாகவே கசிகிறது இல்லையா, போர்டின் மேல் படிந்த உப்பும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலத்தை விரித்துவிடும். இன்வெர்ட்டர் ஏசியில் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குவார்கள். அது ஏறக்குறைய 325 வோல்ட். பக்கத்துப் பக்கத்தில் மின்சாரம் ஓடும் இரண்டு செம்புத் தடங்கள், ஒன்று பிளஸ், மற்றொன்று மைனஸ், நடுவில் உப்புத் தண்ணீர். பிளஸ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீர் வழியே நகர்ந்து, மைனஸ் பக்கத்தில் போய்ப் படியும். அப்படிப் படியும்போது பெரணி இலைபோலக் கிளைவிட்டு வளரும். டெண்ட்ரைட் என்பார்கள். அது எதிர்ப்பக்கத்தைத் தொட்ட கணம் ஷார்ட். வேடிக்கை என்னவென்றால், அந்த ஷார்ட்டில் பாயும் கரண்டிலேயே அது எரிந்துபோகவும் கூடும். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது தடயம் இருக்காது. அவர் பாவம், வோல்டேஜைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்?

ஸ்டெபிலைசருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அடுத்த போர்டு வாங்கும்போது இரண்டு பக்கமும் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். சாய்த்துப் பிடித்தால் வார்னிஷ் அடித்ததுபோல மினுமினுக்கும். பூச்சு இல்லாவிட்டால், நல்ல மெக்கானிக் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அக்ரிலிக் பூச்சு அடித்துத் தருவார். கனெக்டர்களை டேப் ஒட்டி மறைத்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். துடைக்காமல் பூச்சு அடிப்பதற்கு அடிக்காமலே இருக்கலாம். உப்பையும், பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸையும் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும்.

ஒயர் நுழையும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். கதகதப்பாக இருப்பதால் பல்லி அங்கேதான் குடியேறும். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. 325 வோல்ட்டின் இரு முனைகளுக்கு நடுவில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் சொல்கிறேன்: பல்லிக்கு மரணம், உங்களுக்குப் பணவிரயம்.

சில போர்டு பழுப்பாகவும் சில பச்சையாகவும் இருப்பது ஏன்? பச்சைதான் உயர்ந்ததா? (பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

தம்பி, பச்சை என்பது மேலே அடித்த பூச்சின் நிறம். பற்றவைக்கும் ஈயம் தேவையில்லாத இடத்தில் ஒட்டாமலிருக்க அடிப்பது. சிவப்பு, நீலம், கறுப்பு என எந்த நிறத்திலும் அடிக்கலாம். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லக்கூடாது.

பூச்சில்லாத ஓரத்தைச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளமஞ்சளாக, ஒளி ஊடுருவுவதாக, உள்ளே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எஃப்ஆர்-4. அந்தக் கட்டங்கள் நெசவு. ஈரோட்டுக்காரருக்குப் பாவையும் ஊடையையும் நான் விளக்க வேண்டுமா? கண்ணாடி இழையைப் பருத்தி நூலைப்போலவே தறியில் நெய்து, அந்தத் துணியை எப்பாக்ஸி பிசினில் தோய்த்து, பல மடிப்பு அடுக்கி, மேலும் கீழும் செம்புத் தகடு வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைக்கிறார்கள். பெயரிலுள்ள எஃப்ஆர், தீ பரவாமல் தடுப்பது என்பதைக் குறிக்கிறது. வழக்கமான கனம் 1.6 மில்லிமீட்டர்.

பழுப்புப் பலகை காகிதம். ஆமாம், காகிதத்தைப் பீனாலிக் பிசினில் ஊறவைத்தது. பழைய கறுப்பு சுவிட்சுகளின் பேக்கலைட்டுக்குச் சித்தப்பா முறை. அச்சு வைத்து ஒரே அடியில் எல்லாத் துளைகளையும் குத்திவிடலாம் என்பதால் மலிவு. ஆனால் ஈரம் குடிக்கும். துளைக்குள் செம்பு முலாம் இருக்காது. இரண்டாவது முறை பற்றவைத்தால் தடம் தோலோடு உரிந்து வரும். இரண்டுக்கும் நடுவே சிஇஎம்-1 என்று ஒன்று உண்டு. உள்ளே காகிதம், வெளித்தோல் மட்டும் கண்ணாடித் துணி. எல்இடி விளக்குக்குள் இருப்பது பெரும்பாலும் அலுமினியப் பலகை. சூட்டை வெளியே கடத்துவதுதான் அதன் வேலை.

பழுப்பை இளக்காரமாக நினைக்காதீர்கள். என் மாமனாரின் இரண்டு பேண்டு ரேடியோ பழுப்புப் பலகைதான். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது, ரேடியோ பாடுகிறது. குறைந்த கரண்ட், சூடில்லை, உலர்ந்த அலமாரி. அந்த இடத்துக்கு அது போதும்.

நாங்கள் பம்ப் செட் ஸ்டார்ட்டர் பேனல் செய்கிறோம். 10 ஆம்பியர் ரிலே உள்ள போர்டில் தடம் கருகிவிடுகிறது. டிசைன் செய்து கொடுத்தவர் 1 மில்லிமீட்டர் அகலம் போதும் என்றார். (சிறுதொழில் முனைவோர், கோவை)

போதாது. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சாதாரண போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான். ஒரு அவுன்ஸ் செம்பை ஒரு சதுர அடியில் பரப்பினால் வரும் கனம் அது. அதனால்தான் கடைக்காரர்கள் இன்றும் "ஒன் அவுன்ஸ்" என்கிறார்கள். 1 மில்லிமீட்டர் அகலத் தடத்தின் குறுக்குவெட்டு 0.035 சதுர மில்லிமீட்டர். வீட்டில் சாதாரணமாக இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. தடம் தட்டையாக, காற்றுப் படும்படி கிடப்பதால் ஒயரைவிட நன்றாக ஆறும் என்பது உண்மைதான். அந்தச் சலுகையைச் சேர்த்தும், 10 டிகிரி மட்டும் சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால் 1 மில்லிமீட்டர் தடம் தாங்குவது 2.4 ஆம்பியர் அளவுதான். 10 ஆம்பியருக்கு 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

உங்கள் தடம் 10 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதன் மின்தடை 0.05 ஓம். பத்து ஆம்பியரில் அது 5 வாட். 25 வாட் சாலிடரிங் அயர்னில் ஐந்தில் ஒரு பங்கு சூட்டைப் பலகையின் மேல் படுக்கவைத்திருக்கிறீர்கள். இதில் மோட்டார் கிளம்பும்போது கரண்ட் ஐந்தாறு மடங்கு பாயும் என்பதை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

அகலத்தைக் கூட்டுங்கள், இரண்டு பக்கமும் ஓட்டுங்கள், 70 மைக்ரான் செம்பு கேளுங்கள். தடத்தின் மேல் ஈயத்தை மொத்தமாகப் பூசிவிடுவது ஊரறிந்த வைத்தியம். பலன் உண்டு, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஈயக் கலவையின் மின்தடை செம்பைவிட எட்டு மடங்குக்கு மேல். செம்பின் 35 மைக்ரானுக்குச் சமமாக வேண்டுமானால் ஈயம் 0.3 மில்லிமீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏற்கெனவே விற்றுவிட்ட பேனல்களைக் காப்பாற்ற வேண்டுமா, தடத்தின் மேல் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் படுக்கவைத்துப் பற்றவைத்துவிடுங்கள். பார்க்க அழகாயிராது. தோட்டத்துப் பேனலை யார் அழகு பார்க்கப் போகிறார்கள்?

டிவி போர்டு காலையில் வேலை செய்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது, விரலால் அழுத்தினால் மறுபடி ஓடுகிறது. எல்லாக் கால்களுக்கும் ஈயம் புதுப்பித்துவிட்டேன். அப்படியும் போகவில்லை. (டிவி பழுதுபார்ப்பவர், மதுரை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் ட்ரை சோல்டர் (சரியாகப் பிடிக்காத ஈய இணைப்பு) என்று நினைத்து எல்லாக் கால்களையும் தொட்டிருக்கிறீர்கள். சரியான முதல் அடி. அதற்கும் மசியவில்லை என்றால் பழுது துளைக்குள்ளே இருக்கலாம். மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் இணைக்கும் துளையின் சுவரில் செம்பு முலாம் ஏற்றியிருப்பார்கள். ஒரு மெல்லிய செம்புக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் நடுவில் விண்டுபோகும்.

ஏன் விண்டுபோகிறது? சூட்டில் செம்பும் விரியும், பலகையும் விரியும், ஆனால் ஒரே அளவில் இல்லை. நீளவாக்கில் கண்ணாடித் துணி பலகையைப் பிடித்துவைத்திருக்கிறது. கனத்தின் வாக்கில் பிடித்துவைக்க நூல் இல்லை, பிசின் தன் இஷ்டத்துக்கு உப்பும். 1.6 மில்லிமீட்டர் பலகை 100 டிகிரி சூடேறினால் கனத்தில் 10 மைக்ரான் அளவுக்கு உயரும். உள்ளேயுள்ள செம்புக் குழாய் தானாக நீளுவது 3 மைக்ரான்கூட இல்லை. மீதி ஏழு மைக்ரானுக்குப் பலகை அதைப் பிடித்து இழுக்கிறது. டிவியைப் போடும்போது ஓர் இழுப்பு, அணைக்கும்போது ஒரு தளர்வு. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல வருடக்கணக்கில் நடக்கிறது.

பற்றவைக்கும்போது நடப்பது இன்னும் கொடுமை. சாதாரண எஃப்ஆர்-4 பிசின் 130, 140 டிகிரியில் இறுக்கம் இழக்கும். உருகாது. வெயிலில் வைத்த கடலை மிட்டாய்போலத் தளரும். அந்தப் புள்ளியைத் தாண்டினால் கனத்தின் வாக்கில் விரிவு நாலைந்து மடங்காகிவிடும். 250 டிகிரிக்குப் போகும்போது பலகை ஐம்பது மைக்ரானுக்கும் மேல் உயர்ந்திருக்கும், செம்பு ஆறு மைக்ரான்தான். எல்லாக் கால்களையும் புதுப்பிக்கிறேன் என்று நீங்கள் அயர்னை அழுத்தியபோது, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த இரண்டொரு துளைகளை நீங்களே முடித்துவைத்திருக்கவும் கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் என் வேலையே இந்தத் துளைகளைப் பார்ப்பதுதான். போர்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, பிசினில் புதைத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, துளையின் சரிபாதிவரை கொண்டுவர வேண்டும். மூங்கிலை நெடுக்காகப் பிளந்தால் உள்சுவர் தெரியுமே, அப்படி. பிறகு அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஒரு துடைப்பு, மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை. முலாம் சராசரியாக 20 மைக்ரான் இருந்தால் சாதாரணக் கருவிகளுக்குப் போதும். உயிர் காக்கும் கருவி, விமானம் என்றால் 25. துளையின் வாயில் தடிமனாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும், ஏனென்றால் முலாம் தொட்டியில் கரண்ட் குறுகிய துளையின் உள்ளே சிரமப்பட்டே போகிறது. மழுங்கிய டிரில் பிட்டால் துளைத்தால் பிசின் இளகி, பல அடுக்குப் பலகையின் உள்ளடுக்குச் செம்பின்மேல் ஈஷிக்கொள்ளும். அதைச் சரியாகக் கழுவாமல் முலாம் ஏற்றினால் மீட்டரில் சரியாகக் காட்டும், ஆறு மாதத்தில் கழன்றுவிடும்.

ஒருமுறை மாதக் கடைசி. சுவரின் நடுவில் 13 மைக்ரான் காட்டிய ஒரு லாட்டை, இன்னொரு துண்டில் 19 வந்தது என்ற தைரியத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வாங்கியது தொலைபேசிக் கருவி செய்யும் ஒரு கம்பெனி. அடுத்த கோடையில் போர்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் வெட்டித் தேய்த்துப் பார்த்தவளும் நான்தான். விண்ட செம்பு மைக்ராஸ்கோப்பில் எப்படியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம்.

உங்கள் டிவிக்கு: அழுத்தினால் ஓடும் இடத்தைச் சுற்றியுள்ள துளைகளை மீட்டரில் மேல்-கீழ் சோதியுங்கள், குளிராக இருக்கும்போது ஒருமுறை, ஹேர் டிரையரால் சூடாக்கி ஒருமுறை. எது அறுகிறதோ அந்தத் துளையில் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து இருபக்கமும் பற்றவைத்தால் முடிந்தது. நாலு அடுக்குப் பலகையாக இருந்து உள்ளடுக்கில் விண்டிருந்தால் கம்பி உதவாது. அப்போது வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஈயம் இல்லாத சோல்டர் பலவீனமானதா? பழுதுபார்க்க எதை வாங்குவது? (செல்போன் கடை, திருச்சி)

பலவீனமில்லை, முரடு. பழைய 63-37 கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாததில் பரவலானது 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு. உருக 217 டிகிரி வேண்டும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா ஈயத்தைக் கட்டுப்படுத்தியதும் உலகம் முழுக்க மாறியது. மதுரைக்காரருக்குச் சொன்னேனே, கூடுதலாக ஏறும் ஒவ்வொரு டிகிரியும் துளைச் சுவரை இழுக்கிறது. அதனால்தான் இப்போது 170 டிகிரிவரை இறுக்கம் இழக்காத பலகைகளைக் கேட்கிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். ஈயமில்லாத இணைப்பு ஆறியபின் மங்கலாக, சொரசொரப்பாகத்தான் தெரியும். அதை ட்ரை சோல்டர் என்று நினைத்து மறுபடி சுடவேண்டாம். போர்டில் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். பற்றவைக்கும்போது எழும் புகை ஈயம் அல்ல, ஃபிளக்ஸ் பிசின் எரிவது. அதுவும் மூச்சுக்கு நல்லதில்லை, சிறிய ஃபேன் வையுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது கைவழியாக. கையைக் கழுவாமல் வடை சாப்பிடாதீர்கள்.

"பிரிண்டட்" என்கிறார்களே, அச்சடிப்பது யார், எதை? (ஆசிரியை, தஞ்சாவூர்)

அச்சடிப்பது மையை. செம்பு முழுவதும் ஒட்டியிருக்கும் பலகையில், தடம் வேண்டிய இடத்தில் மட்டும் மை அச்சாகிறது. மீதியைப் பெரிக் குளோரைடு போன்ற திரவம் தின்றுவிடும். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் வானொலி இதழ் ஒன்றில் வேலை பார்த்து அச்சுத் தொழில் பழகியவர். லண்டனுக்குப் போய் 1930களில் இந்த முறையில் ரேடியோ செய்து காட்டினார், 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1985-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தடங்களைப் பாலியெஸ்டர் தாளில் கறுப்பு டேப்பால் இரண்டு மடங்கு பெரிதாக ஒட்டி, கேமராவில் சிறிதாக்குவார்கள். ஒட்டியவரின் கைப்பழக்கம் போர்டில் தெரியும். வளைவைப் பார்த்தே இது இன்னார் டிசைன் என்று சொல்லிவிடுவோம்.

மாணவிகளுக்குச் செய்துகாட்டினால், மிஞ்சிய திரவத்தைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். செம்பைத் தின்றது, குழாயையும் தின்னும்.

வெள்ளத்தில் நனைந்த போர்டை அரிசியில் புதைத்தால் சரியாகுமா? (வேளச்சேரி வாசகர்)

அரிசியைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை தண்ணீர் மட்டுமல்ல, அதிலிருக்கும் உப்பும் சேறும் சாக்கடையும். தண்ணீர் வற்றினாலும் அவை பலகையில் தங்கும், அடுத்த ஈரத்தில் நாகப்பட்டினத்துக் கதை தொடங்கும்.

மின்சாரத்தைத் துண்டியுங்கள், பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிறகு போர்டை மறுபடியும் நனைக்க வேண்டும், இம்முறை சுத்தமாக. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி, நிழலில் ஃபேனுக்கு முன் இரண்டு மூன்று நாள் செங்குத்தாக நிறுத்துங்கள். ரிலேக்குள்ளும் ஐசிக்கு அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், அவசரம் வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பலரும் போர்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மொட்டைமாடிக் கொட்டகையில் வடாம் காயவைப்பதுபோல் வரிசையாக நிறுத்திவைத்தேன். பாதிக்கு மேல் பிழைத்தன. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் போர்டுதான் பிழைக்கவில்லை. நான் அதைக் கழற்றவந்த நேரத்தில் கரண்ட் வந்தது, ஓடுகிறதா பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டுவிட்டார்.